புண்ணை ஆற்றுவது மருந்தா, உடம்பா?

வீட்டில் ஒருவர் சத்திர சிகிச்சை செய்துகொண்டு வைத்தியசாலையிலிருந்து திரும்பிவிட்டால், அவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பழமும் பிஸ்கட்டும் கொண்டு வருவார்கள். அவற்றோடு ஆளுக்கொரு மருந்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமியார் மஞ்சளை அரைத்துப் பூசச் சொல்வார். அயல்வீட்டு அம்மா வேப்பெண்ணெயைப் போல் கைகண்ட மருந்து உலகத்தில் இல்லையென்பார். கொழும்பிலிருந்து வந்த மருமகன் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைப்பார். இன்னொருவர் தேன் என்பார். வேறொருவர் கற்றாழை என்பார். படுத்திருப்பவர் பாவம், யாருடைய மனத்தையும் நோகச் செய்ய விரும்பாமல் எல்லாவற்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருப்பார்.

இவர்கள் எல்லோரும் அன்பினாலேயே சொல்லுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பு வேறு, மருந்தின் குணம் வேறு. காயத்தின் மேல் இடும் பொருள் சில வேளைகளில் நன்மை செய்யும். சில வேளைகளில் ஒன்றுமே செய்யாது. சில வேளைகளில் தானாக ஆறிவரும் காயத்தைச் சீழ்ப்புண்ணாக்கிவிடும். எது எதைச் செய்யும் என்பதை அறிவதற்கு ஒரே வழி, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான். மிகச் சாதாரணமாகத் தோன்றும் இவ்வழியை மனிதர் கைக்கொள்வதற்கு மிகுந்த காலம் சென்றது. அந்தக் கதையை அறிந்துகொண்டால், வீட்டிலே காயத்துடன் ஒருவர் படுத்திருக்கும்போது என்ன செய்வது, என்ன செய்யாமல் விடுவது என்பதும் தெளிவாகும்.

எண்ணெய் தீர்ந்த இரவு

1537ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் படையொன்று இத்தாலியின் வடமேற்குப் பகுதியிலே போர் புரிந்துகொண்டிருந்தது. அப்படையில் அம்புறுவாஸ் பாரே என்னும் இளைஞர் சத்திர வைத்தியராகப் பணியாற்றினார். வெடிமருந்து நஞ்சு, ஆகவே துப்பாக்கிச் சூட்டுக் காயம் நஞ்சேறிய காயம், அந்த நஞ்சைச் சுட்டழிக்கவேண்டும் என்பது அக்காலத்துப் பெரிய வைத்தியர்களின் துணிபு. எனவே, கொதிக்கும் எண்ணெயைக் காயத்தினுள் ஊற்றுவார்கள். நோயாளி படும் வேதனையைச் சொல்லவேண்டியதில்லை.

பாரேயும் நூல் சொன்னபடியே செய்துவந்தார். ஒருநாள் காயம்பட்டோர் தொகை மிகுந்துவிட, எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட்கருவையும் ரோசா எண்ணெயையும் கர்ப்பூரத்தைலத்தையும் சேர்த்துக் குழைத்து எஞ்சியோரின் காயங்களில் இட்டார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றப்படாதவர்கள் விடியுமுன் நஞ்சேறி இறந்துகிடப்பார்களோ என்று அஞ்சினார். அதிகாலையில் எழுந்து பார்க்கச் சென்றவருக்குப் பெரும் வியப்புக் காத்திருந்தது. குழைத்த மருந்து இடப்பட்டவர்கள் வலி குறைந்து, வீக்கமின்றி, இரவில் நன்றாக உறங்கியிருந்தார்கள். கொதிக்கும் எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலோடும் கடும் நோவோடும் காயத்தைச் சுற்றிப் பெருவீக்கத்தோடும் கிடந்தார்கள். அன்று முதல் அந்தக் கொடிய முறையைப் பாரே கைவிட்டார். 1545ஆம் ஆண்டில் தாம் கண்டதை நூலாகவும் வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து முட்டை மஞ்சட்கரு அருமருந்து என்று முடிவு செய்துவிடலாகாது. கொதிக்கும் எண்ணெய் தீங்கானது என்பதே அன்று வெளிப்பட்ட உண்மை. எல்லோருக்கும் எண்ணெயே ஊற்றப்பட்டிருந்த காலத்தில் அத்தீங்கு எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. பிழைத்தவர்கள் எண்ணெயால் பிழைத்தார்கள் என்றும், இறந்தவர்கள் நஞ்சினால் இறந்தார்கள் என்றும் எண்ணிக்கொண்டார்கள். அருகருகே வைத்துப் பார்க்க மற்றொரு கூட்டம் இருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நாமும், "எனக்கு இதைப் பூசித்தான் ஆறியது" என்று ஒருவர் சொல்லக் கேட்கும்போது, "பூசாவிட்டால் ஆறியிராதோ?" என்று மனத்துக்குள்ளாவது கேட்டுக்கொள்ளவேண்டும்.

கிருமியைக் கொல்லும் மருந்து

அடுத்த பெருந்திருப்பம் ஸ்கொத்லாந்திலே நிகழ்ந்தது. 1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிளாஸ்கோ நகர வைத்தியசாலைக்குப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி அவன் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. எலும்பு முறிவோடு தோலும் திறந்துவிட்டால் சீழ் பிடிப்பதும், காலை வெட்டி எடுப்பதும், பலர் உயிரிழப்பதும் அந்நாளில் வழக்கம். ஜோசப் லிஸ்டர் என்னும் சத்திர சிகிச்சைப் பேராசிரியர், கார்போலிக் அமிலத்தில் நனைத்த துணியை அச்சிறுவனின் காயத்தின் மேல் வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பும் பொருந்தியது. காயம் அழுகுவதற்குக் காற்றன்று, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்று கொண்டு தாம் பெற்ற பயன்களை லிஸ்டர் 1867ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

அதே 1867ஆம் ஆண்டு தமிழருக்கும் நினைவிலிருக்கவேண்டிய ஆண்டாகும். மானிப்பாயிலே தமிழ்மொழியில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், ஆங்கிலச் சத்திர வைத்திய நூலொன்றைத் தமிழாக்கி "இரண வைத்தியம்" என்னும் பெயரில் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். இரணம் என்றால் புண். புண்ணை ஆற்றும் கலையைத் தமிழில் எழுதிய அந்த நூலும், புண்ணைப் பற்றிய உலகத்தின் எண்ணத்தையே மாற்றிய லிஸ்டரின் அறிக்கையும் ஒரே ஆண்டில் அச்சேறியது நினைத்து மகிழத்தக்க ஒற்றுமை.

லிஸ்டரின் முறையால் எண்ணற்ற உயிர்கள் தப்பின. ஆனால் கார்போலிக் அமிலம் கிருமியை மட்டும் சுடுவதில்லை, சதையையும் சுடும். இதை லிஸ்டரே நன்றாக அறிந்திருந்தார். ஆகவே பிற்காலத்தில், காயத்துக்கும் அமிலம் தோய்ந்த துணிக்கும் நடுவே எண்ணெய்ப்பசையுள்ள பட்டுத்துணி ஒன்றை வைத்தார். தம்முடைய மருந்திலிருந்தே காயத்தைக் காக்க வழி தேடிய அவ்வைத்தியரின் நேர்மை போற்றத்தக்கது.

முதலாம் உலக யுத்தத்தின்போது இக்கேள்வி மறுபடியும் எழுந்தது. பிரான்சு நாட்டின் பூலோன் நகரில் யுத்த வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூடத்தில் அலெக்சாந்தர் பிளெமிங் பணியாற்றினார். 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்தவர் இவரே. மூலைமுடுக்குகள் நிறைந்த யுத்தக் காயத்தைப் போலவே கண்ணாடிக் குழாயொன்றை இழுத்து வளைத்துச் செய்து, அதிலே கிருமிகளை விட்டு, பின்னர் கிருமிகொல்லி மருந்தால் நிரப்பிப் பார்த்தார். முடுக்குகளில் ஒளிந்திருந்த கிருமிகள் சாகவில்லை. அதுமட்டுமன்று, கிருமிகளோடு போராட உடம்பு அனுப்பும் வெண்குருதிக் கலங்களை அம்மருந்துகள் கிருமிகளைவிட எளிதாகக் கொன்றன. பகைவனை அழிக்கச் சென்ற மருந்து காவலரையே வெட்டி வீழ்த்தியது.

இவ்வுண்மை இன்றைக்கும் பொருந்தும். 1985ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், நாம் நன்கறிந்த ஐதரசன் பேரொட்சைட்டு, பொவிடோன் அயோடின் போன்றவற்றை, வைத்தியசாலைகளில் வழங்கிய செறிவிலேயே, புதுச்சதையை உண்டாக்கும் கலங்களின் மேல் விட்டுப் பார்த்தார்கள். அவை அக்கலங்களைக் கொன்றன. பொவிடோன் அயோடினை ஆயிரம் மடங்கு நீர்த்தபோது கலங்கள் பிழைத்தன, கிருமிகள் இறந்தன. ஆய்வுகூடத்துக் கலமும் மனித உடம்பும் ஒன்றல்ல என்பது உண்மையே. சத்திர சிகிச்சைக்கு முன் தோலைத் தூய்மைப்படுத்த இம்மருந்துகள் மிகவும் பயனுள்ளவை என்பதும் உண்மை. ஆனால் ஆறிவரும் காயத்தில் நாள்தோறும் அவற்றை ஊற்றி நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்வது வேண்டாத வேலை.

காய்ந்தால்தான் ஆறுமா?

"காயத்தைக் காற்றுப்படத் திறந்து விடுங்கள், அயறு படிந்தால்தான் ஆறும்" என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. மேனாட்டிலும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 1962ஆம் ஆண்டில் ஜோர்ச் வின்ரர் என்னும் ஆங்கில ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு, சிலவற்றை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடிவைத்தார். மூடப்பட்டு ஈரப்பசையோடு இருந்த காயங்களின் மேல் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு விரைவில் படர்ந்தது. அடுத்த ஆண்டில் மனிதர் மேல் செய்த சோதனையும் இதையே காட்டியது.

காரணம் எளிது. புதுத்தோலின் கலங்கள் காயத்தின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வருகின்றன. ஈரமான பரப்பில் அவை வழுக்கிக்கொண்டு செல்லும். உலர்ந்த அயறு குறுக்கே நின்றால், அதன் கீழே ஈரமுள்ள இடத்தைத் தேடிக் குடைந்து செல்லவேண்டும். ஈரப்பசை என்றால் நீர் சொட்டும்படி நனைத்து வைப்பதன்று. உடம்பிலிருந்து ஊறும் கசிவு உலர்ந்துபோகாமல் காப்பதே அது. நீரில் ஊறி வெளுத்த தோல் எளிதில் பிய்ந்துவிடும்.

களிம்புகளின் போட்டி

இனி, கடைகளில் விற்கும் களிம்புகளுக்கு வருவோம். பசிற்றசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பையும் வெறும் வெள்ளை வசலினையும் ஒப்பிட்டு அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் நடந்த சோதனை 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிறு சத்திர சிகிச்சை பெற்ற 922 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். எவருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. முடிவில் வசலின் பிரிவில் நூற்றுக்கு 2 பேருக்கும், களிம்புப் பிரிவில் நூற்றுக்கு 0.9 பேருக்கும் கிருமித்தொற்று ஏற்பட்டது. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று ஆய்வாளர் கணித்தார்கள். மறுபுறத்தில், நுண்ணுயிர்க்கொல்லி பூசியவர்களுள் 4 பேருக்கு ஒவ்வாமையால் தோல் சிவந்து தடித்தது. வசலின் பூசியவர்களுள் ஒருவருக்கும் அது நேரவில்லை.

2006ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலியச் சோதனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. 778 நோயாளரின் 1801 காயங்களுள் சிலவற்றுக்கு மியூப்பிரோசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பும், சிலவற்றுக்கு வெறும் பரபின் களிம்பும் இட்டார்கள். சிலவற்றுக்கு எந்தக் களிம்பும் இடாமல் கட்டினார்கள். தொற்று ஏற்பட்டது முறையே நூற்றுக்கு 2.3, 1.6, 1.4. அதாவது, ஒன்றுமே பூசாதவர்கள் எவ்விதத்திலும் தாழ்ந்துபோகவில்லை!

எல்லாச் சோதனைகளும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த வட குயின்ஸ்லாந்தில் 972 பேரிடம் செய்யப்பட்டு 2009இல் வெளியான சோதனையில், தைத்த காயத்தின் மேல் குளோரம்பெனிக்கோல் களிம்பை ஒரே ஒரு முறை பூசியபோது தொற்று நூற்றுக்கு 11இலிருந்து 6.6 ஆகக் குறைந்தது. பயன் உண்டுதான். ஆனால் ஒருவரைத் தொற்றிலிருந்து காக்க ஏறக்குறைய 23 பேருக்கு அம்மருந்தைப் பூசவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கண்டபடி வழங்கினால் அவற்றுக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்பது இன்று உலகம் முழுவதையும் கவலைகொள்ளச் செய்யும் விஷயம். ஆகையால், சாதாரணமாகத் தைத்து மூடிய காயங்களின் மேல் இக்களிம்புகளைப் பூசவேண்டியதில்லை என்றே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வகுக்கப்பட்ட நெறிமுறைகள் கூறுகின்றன.

தேனும் வாழையிலையும்

அப்படியானால் நம் முன்னோரின் மருந்துகள் யாவும் வீண்தானா? அல்ல. ஏறக்குறைய 3600 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய ஏடொன்று காயத்துக்குத் தேனும் கொழுப்பும் இடச் சொல்லுகிறது. சுசுருதரும் தேனையும் நெய்யையும் சொல்லியிருக்கிறார். தேனிலுள்ள மிகுந்த சர்க்கரை கிருமிகளின் நீரை உறிஞ்சிவிடும். அதன் புளிப்புத் தன்மையும் அவை வளரத் தடையாகும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மகப்பேற்றுக்காகவோ கருப்பை நீக்கத்துக்காகவோ வயிற்றில் சத்திர சிகிச்சை செய்யப்பட்டு, காயத்தில் கிருமி தொற்றியிருந்த 50 பெண்கள் ஆராயப்பட்டனர். கிருமிகொல்லி மருந்து இட்டவர்களுக்குக் காயம் முற்றும் ஆற ஏறக்குறைய 22 நாள் சென்றது. தேன் இட்டவர்களுக்கு 11 நாளிலேயே ஆறிவிட்டது.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. அவை ஏற்கெனவே சீழ்பிடித்த காயங்கள்; நன்றாகத் தைத்து மூடிய காயத்துக்கு அந்த முடிவைக் கொண்டுபோகக் கூடாது. மேலும், வைத்தியத்துக்கு வழங்கும் தேனைக் கதிர்பாய்ச்சித் தூய்மையாக்குவார்கள். சந்தையில் வாங்கிய போத்தல் தேனில் கிருமிகளின் வித்துகள் இருக்கக்கூடும்.

வாழையிலைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடமுண்டு. தோல் ஒட்டுவதற்காக உடம்பின் ஒரு பகுதியிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்த இடத்தை, கிருமிநீக்கிய வாழையிலையால் மூடும் முறையை மும்பை வைத்தியர்கள் சோதித்து 2003இல் எழுதினார்கள். வசலின் தோய்ந்த வலைத்துணியை உரிக்கும்போது படும் வேதனை, ஒட்டாத வாழையிலையில் மிகக் குறைவாயிருந்தது. இலையின் சிறப்பு அதிலுள்ள மருந்தன்று. ஈரத்தைக் காப்பதும் புண்ணில் ஒட்டாமலிருப்பதுமே. வசலினின் சிறப்பும் அதுவே.

தழும்பு மறைய உயிர்ச்சத்து ஈ எண்ணெய் பூசுவோரும் உண்டு. 1999இல் வெளியான சிறு ஆய்வொன்றில் 15 பேர் தம் தழும்பின் ஒரு பாதியில் அதையும் மறுபாதியில் வெறும் களிம்பையும் பூசினார்கள். பத்தில் ஒன்பது பங்கினருக்கு அதனால் பயனில்லை, அல்லது தழும்பு மேலும் மோசமாயிற்று. மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் ஒவ்வாமையும் உண்டாயிற்று.

உள்ளிருந்து வரும் மருந்து

இத்தனை சோதனைகளும் ஒன்றையே சுட்டிக்காட்டுகின்றன. காயத்தை ஆற்றுவது உடம்பு. வெளியே பூசும் பொருள் அந்த வேலைக்கு இடையூறு வராமல் காக்கும் பணியாள் மாத்திரமே. ஒழுங்காகத் தைத்த காயத்தை உடம்பு ஓரிரு நாளிலேயே மெல்லிய தோலால் மூடிவிடுகிறது. உள்ளே நடைபெறும் வேலைக்கோ நெடுங்காலம் செல்லும். மூன்று வாரத்தில் பழைய வலிமையில் மூன்றிலொரு பங்கு கூட வருவதில்லை. மூன்று மாதமளவில் ஏறக்குறைய நூற்றுக்கு 80 பங்கு வரும். வெளியே ஆறிவிட்டது என்று எண்ணிப் பாரம் தூக்கலாகாது என்று வைத்தியர் சொல்வது இதனாலேதான்.

உடம்பு இவ்வேலையைச் செய்யப் புரதம் வேண்டும், உயிர்ச்சத்துகள் வேண்டும், நல்ல இரத்தோட்டம் வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் விலக்கிவிட்டு, வெறுங்கஞ்சியும் பாணும் கொடுக்கிறோம். ஒவ்வாமை இல்லாதவருக்கு மீனும் முட்டையும் பருப்பும் பாலும் சதை கட்டுவதற்கான செங்கல்லும் சுண்ணாம்பும் போன்றவை. அவற்றை மறுத்துவிட்டு மேலே எத்தனை களிம்பு பூசினாலும் என்ன பயன்? நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வையாவிட்டால் காயம் ஆறப் பிந்தும், தொற்றும் எளிதில் வரும். புகைப்பவர் அதை விட்டுவிடவேண்டும். புகை காயத்துக்குச் செல்லும் பிராணவாயுவைக் குறைக்கிறது.

வீட்டில் செய்யவேண்டியவை

வைத்தியசாலையில் போட்ட கட்டை முதல் இரண்டு நாளும், அவர்கள் வேறாகச் சொன்னாலன்றி, அவிழ்க்கலாகாது. அதன் பின் பொதுவாக நீர்படக் குளிக்கலாம். ஆனால் குளத்திலோ தொட்டியிலோ காயத்தை ஊறவைக்கக் கூடாது. காயத்தைத் தொடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். எந்த மருந்தையும்விட இது பெரிது. வைத்தியர் ஏதாவது தடவச் சொன்னால் அதை மட்டும் தடவவேண்டும். சாம்பல், கோப்பித்தூள், அரைத்த மஞ்சள், பச்சிலைச் சாறு ஆகியவற்றைத் தைத்த காயத்தில் இடவே கூடாது. அவற்றோடு மண்ணிலுள்ள கிருமிகளும், ஏற்புவலிக் கிருமியும் கூட, உள்ளே செல்லக்கூடும்.

சிவப்பு நாளுக்குநாள் பரந்தாலோ, நோவு குறையாமல் கூடினாலோ, சீழோ துர்நாற்றமோ உண்டானாலோ, தையல் விட்டுப்போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, களிம்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பலர் உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வது, இன்னும் ஒரு நாள் இன்னொரு மருந்தைப் பூசிப் பார்ப்போம் என்று காத்திருக்கும் அந்த நாட்களில்தான்.

அப்படியானால், மஞ்சளோடு வந்த மாமியாரை என்ன செய்வது? அவரது அன்பை மறுக்கவேண்டியதில்லை. அந்த மஞ்சளை அம்மியிலிருந்து மீன்குழம்புச் சட்டிக்கு மாற்றிவிடச் சொன்னால் போதும். குழம்பை உண்டு நோயாளி தேறுவார்; காயமும் தன் வேலையை அமைதியாகச் செய்துகொள்ளும்.